காற்று எந்தப் பக்கம்?

2023 ஆகஸ்ட் கடைசியில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே குரல்பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் கடலுக்குள்ள அணுத்தண்ணிய விட்டுட்டான், இனி டின்மீன் வாங்காதீங்க, சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்காதீங்க, இத 10 பேருக்கு அனுப்புங்க. பேசியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் நல்ல பயான் செய்கிற குரல். அதனால் எல்லோரும் அனுப்பினார்கள்.

நாங்கள் நாலு பேர். மருதமுனையில் இரண்டு, கல்முனைக்குடியில் ஒன்று, பாண்டிருப்பில் ஒன்று. நாலு பேரும் கலைப்பீடம், ஓ.எல்.லோடு விஞ்ஞானத்துக்கு ஸலாம் சொன்னவர்கள். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை கெம்பஸ் போனால் போதும், மின்சார பில்லில் இருந்து அணுஉலை வரைக்கும் அதற்கு எல்லாம் தெரியும் என்பது ஊர் வழக்கம். எங்களில் ஒருத்தியின் சாச்சி நேரடியாகவே கேட்டார்: "பாத்துச் சொல்லுங்களன், டின்மீன் திண்ணலாமா, இல்லையா?"

தேடிப் படித்தோம். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் உருகிய உலைகளைக் குளிர்விக்கப் பயன்பட்ட தண்ணீர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாங்கிகளில் சேர்ந்து கிடந்தது. அதை வடிகட்டி, கடல்நீரோடு கலந்து ஐதாக்கி, 2023 ஆகஸ்ட் 24 இல் இருந்து பசிபிக் கடலில் விடத் தொடங்கினார்கள். வடிகட்டியால் பிரிக்க முடியாத ஒன்று ட்ரிடியம். அது தண்ணீரின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகை ஹைட்ரஜன். ஒரு லீட்டரில் ட்ரிடியம் 1,500 பெக்கரலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று ஜப்பான் தனக்கே ஓர் எல்லை வைத்திருக்கிறது. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. சர்வதேச அணுசக்தி முகவரகம் அந்த ஆண்டு ஜூலையில், இந்தத் திட்டம் தங்களுடைய பாதுகாப்புத் தரங்களுக்குப் பொருந்துகிறது என்று அறிக்கை கொடுத்தது. சீனா அதை ஏற்காமல் ஜப்பானின் கடலுணவையே நிறுத்தியது.

இதைச் சுருக்கிச் சாச்சியிடம் சொன்னோம். அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

"1,500 எண்டா கூடவா, குறையவா?"

"குறைய, சாச்சி. குடிக்கிற தண்ணிக்கே 10,000 மட்டும் பரவாயில்ல எண்டுதான் சொல்லுறாங்க."

"அந்த 10,000 ஆர் வெச்ச?"

"உலக சுகாதார நிறுவனம்."

"அவங்க மையத்த அடக்கலாம் எண்டும் சொன்னாங்கதானே. அத ஆரு கேட்ட?"

அவ்வளவுதான். அவர் குசினிக்குள் போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வந்த வர்த்தமானி, கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டல் தந்திருந்தது. இங்கே சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். உடலில் இருக்கும் கிருமி மண்ணுக்குள் இறங்கித் தண்ணீரில் கலந்துவிடும் என்றார்கள். அதற்கு ஆதாரம் காட்டச் சொல்லி வைத்தியர்களும் ஆய்வாளர்களும் கேட்டும் நடந்தது மாறவில்லை. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையைக்கூட பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனம் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போனது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் புதைக்க அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் மையத்துகள் அடக்கப்பட்டன. எங்கள் ஊர்களிலிருந்தும் அங்கே போனார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

'நிலத்தடி நீர்' என்ற சொல் எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு விஞ்ஞானச் சொல்லாக இல்லை. ஆகவே நாளைக்கு ஓர் அதிகாரி வந்து, "உங்கட கிணத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒண்டு இருக்கலாம், கொஞ்ச நாளைக்குக் குடிக்க வேணாம்" என்றால், அது உண்மையாகவே இருந்தாலும், சாச்சி என்ன செய்வார்? எங்களுக்குப் பயம் வந்தது இந்த இடத்தில்தான். டின்மீன் பயம் ரெண்டு கிழமையில் போய்விட்டது. இது போகவில்லை.

நமக்கு ஏன் இந்தக் கதை, இலங்கையில்தான் அணுஉலையே இல்லையே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பிறகு ஒருநாள் தொலைபேசி வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தோம். கூடங்குளத்திலிருந்து கற்பிட்டிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 225 கிலோமீட்டர். தலைமன்னாருக்கு 240 அளவில். கல்முனைக்கு 450 கிட்ட. கல்பாக்கத்திலிருந்து பருத்தித்துறைக்கு 300 சொச்சம், எங்களுக்கு 600. கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிற தூரத்தை நினைத்துப் பாருங்கள். கூடங்குளம் அதைவிட அதிகம் தள்ளி இல்லை. செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 அதிகாலை உலை வெடித்ததை உலகம் அறிந்தது 28 ஆம் திகதி. அதையும் சோவியத் அரசு தானாகச் சொல்லவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் வேலைக்கு வந்த ஒருவரின் சப்பாத்தில் கருவி சத்தம் போட்டதால் கேள்வி எழுந்தது. அன்று இரவுதான் மொஸ்கோ நாலு வரி அறிவித்தல் விட்டது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தூரம் கூடக்கூடக் காற்றில் உள்ளது ஐதாகிவிடும். கூடங்குளத்துக்கும் எங்களுக்கும் நடுவே மலைநாடு முழுவதும் இருக்கிறது. கூடங்குளத்தில் விபத்து நடந்து அது கல்முனையைப் பாதிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அப்படி ஒரு நாளில் வட்ஸ்அப் குரல்பதிவு வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்கு நூறு. 2011 இல் அது நடந்துமிருக்கிறது. ஃபுகுஷிமா விபத்து நடந்த அந்த மார்ச்சில், பிபிசி சொன்னதாக ஒரு பொய்க் குறுஞ்செய்தி ஆசியா முழுக்கப் பரவியது: மழையில் நனையாதீர்கள், கழுத்தில் பெட்டடீன் பூசுங்கள் என்று. சீனாவில் அயடீன் கலந்த உப்புப் பைகளைச் சண்டை போட்டு வாங்கினார்கள். பெட்டடீனைக் கழுத்தில் பூசினால் கழுத்து மஞ்சளாகும், வேறொன்றும் ஆகாது. அயடீன் மாத்திரை என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. அதை எப்போது, யார், எவ்வளவு எடுப்பது என்பதைச் சுகாதாரத் துறை சொல்லவேண்டும். தானாக விழுங்குகிற சாமான் இல்லை அது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு சுனாமி நினைவில்லை. நாங்கள் கைக்குழந்தைகள், அல்லது உம்மாவின் வயிற்றுக்குள். ஆனால் கதை தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்ராவுக்குப் பக்கத்தில் நிலம் நடுங்கியதில் இருந்து கடல் எங்கள் கரைக்கு ஏறும்வரை ஏறத்தாழ ரெண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த ரெண்டு மணித்தியாலத்தில் ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதே அலை அதே காலையில் கல்பாக்கத்துக்கும் போனது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையின் கடல்நீர்ப் பம்பு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள், கதிரியக்கம் எதுவும் வெளியேறவில்லை. ஊழியர் குடியிருப்பில் ஆட்கள் இறந்தார்கள். அன்றைக்கு எங்கள் உம்மம்மாமார் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், வடக்கே ஓர் அணுஉலை கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் சரியான பொத்தானை அமத்தியிருக்கிறார். இதை நாங்கள் அறிந்தது இந்த வருடம்தான்.

2012 ஏப்ரல் 11 எங்களுக்கு நல்ல ஞாபகம். பிற்பகல், சுமாத்ரா பக்கம் மறுபடியும் பெரிய நடுக்கம், 8.6. சுனாமி எச்சரிக்கை வந்தது. பள்ளி லவுட்ஸ்பீக்கரில் சொன்னார்கள், கோயில் மணி அடித்தது. ஏழு எட்டு வயது எங்களுக்கு. யாரோ தூக்கி சைக்கிளில் வைத்தார்கள். ஊரே மேற்கே ஓடியது: வயல் பக்கம், நற்பிட்டிமுனை, சம்மாந்துறை. பெரிய அலை வரவில்லை. பொழுதுபட வீட்டுக்கு வந்து சோறு தின்றோம். அன்று ஒரு விசயம் சரியாக நடந்தது: எங்கே ஓடவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடல் கிழக்கே, ஓட்டம் மேற்கே. படிக்காத மூத்தம்மாவுக்கும் அது விளங்கும்.

கதிரியக்கத்துக்கு அப்படி ஒரு திசை நிரந்தரமாகக் கிடையாது. அதை நமியே என்ற ஊரின் கதையிலிருந்து விளங்கிக்கொண்டோம். ஃபுகுஷிமா நிலையத்துக்கு வடக்கே கரையோரம் இருக்கும் ஊர் அது, ஏறத்தாழ 21,000 பேர். 2011 மார்ச் 11 பூகம்பம், சுனாமி. மறுநாள் உலை வெடித்தபோது நமியே மக்களுக்கு அரசாங்கத்திடமிருந்து ஒழுங்கான தகவல் வரவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் ஊர்த்தலைவர் முடிவெடுத்தார். கடலுக்கும் உலைக்கும் எதிர்ப்பக்கமாக, உள்ளே மலைப்பக்கம் ஓடினார்கள். சுஷிமா என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கினார்கள். வெளியிலே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். பிள்ளைகள் வெளியில் விளையாடின. அந்த நாட்களில் காற்று வடமேற்காகத் திரும்பியது. உலையிலிருந்து வந்த புகை போய், மழையோடும் பனியோடும் இறங்கியது அந்தப் பக்கம்தான்.

இதில் எங்களால் தாங்கமுடியாதது எது என்றால், இந்தத் திசையைக் கணிக்கும் ஓர் அமைப்பு ஜப்பானிடம் ஏற்கெனவே இருந்தது. ஸ்பீடி என்று பெயர். காற்றையும் நிலத்தையும் வைத்து மணிக்கொருமுறை வரைபடம் போட்டுத்தள்ளியது. அந்த வரைபடங்கள் அலுவலகங்களுக்குப் போயின. மார்ச் 14 ஆம் திகதியே அமெரிக்க இராணுவத்துக்கும் கொடுக்கப்பட்டது. பொதுமக்களுக்கு முதல் வரைபடம் காட்டப்பட்டது மார்ச் 23 இல். உலையிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்ற அளவு கையில் இல்லை, ஆகவே கணிப்பு துல்லியமில்லை, வெளியிட்டால் சனம் பதறும் என்பவை பிறகு சொல்லப்பட்ட காரணங்கள். நமியேயின் தலைவர் தமோட்சு பாபா இதைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். அளவு தெரியாவிட்டாலும் திசை தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்று திசை மட்டும் போதும்.

இந்தக் கதையை எங்களில் ஒருவனின் மாமாவிடம் சொன்னோம். 30 வருடமாகக் கடலுக்குப் போகிறவர். அவர் உலை பற்றி எதுவும் கேட்கவில்லை. "அது எந்த மாசம் நடந்த?" என்று கேட்டார். மார்ச் என்றோம். "அங்கத்தக் காத்து எனக்குத் தெரியாது. இஞ்ச எண்டா, வைகாசி ஆனியில கச்சான். மேற்கால இருந்து தரையத் தாண்டி வந்து கடலுக்க இறங்கும். மார்கழி தையில வாட. அது கடல்ல இருந்து வாறது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு மாசம் காத்துக்கே தெரியாது தான் எங்க போறெண்டு." பிறகு வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, கூடங்குளத்தில் விரலை வைத்து, "அப்ப இதுக்கு நாம பயப்படுறெண்டா கச்சானுக்குத்தான் பயப்படணும்" என்றார். எங்கள் நாலு பேரின் படிப்புக்கு அந்த ஒரு வசனம் வர மூன்று கிழமை எடுத்திருந்தது.

அறிவித்தல்கள் எங்களுக்கு 'தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று' என்று வருகின்றன. தமிழ்தான், பிழையில்லை. ஆனால் மாமாவுக்கு அது வானொலியில் கடந்து போகும் சத்தம். கச்சான் என்று சொன்னால் அவர் முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்ப்பார். (கச்சான் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடற்கரையில் சுருளில் விற்கும் வறுத்த கச்சான். அதை இங்கே விட்டுவிடுவோம்.)

தகவலை மேலிருந்து கீழே ஊற்றுகிற வேலையாக நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைநாட்டு ஆட்டுக்காரர்களின் கதை நல்ல உதாரணம். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கலைப்பீடத்துக்காரர்களும் இந்த விசயத்தில் பேச இடமுண்டு என்று எங்களுக்குத் தைரியம் தந்தது அதுதான். செர்னோபில் மேகம் 1986 மே தொடக்கத்தில் அங்கே மழையாக இறங்கியது. ஜூனில் ஆடுகளை விற்கத் தடை. மூன்று கிழமையில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். அவர்கள் கணக்குப் போட்டது களிமண்ணை வைத்து. களி சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மலையில் இருந்ததோ இலைதழை மக்கிய புளிப்பு மண். அதில் சீசியம் மறுபடி மறுபடி புல்லுக்குள் ஏறி, ஆட்டுக்குள் போனது. மூன்று கிழமை என்று சொன்ன தடை சில பண்ணைகளில் 2012 வரை நீடித்தது. நடுவில் ஒரு பரிசோதனைக்காக ஆடுகளை வேலி போட்டு அடைத்தார்கள். மலையில் அலைந்து மேய்கிற ஆடு அடைத்தால் மெலிந்துபோகும் என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. ஆடு மெலிந்தது, பரிசோதனையையும் கைவிட்டார்கள்.

சம்மாந்துறை வயற்காரரிடமோ எருமைப்பட்டி வைத்திருப்பவரிடமோ கேட்காமல் "பால் குடிக்காதீர்கள், கீரை சாப்பிடாதீர்கள்" என்று ஒரு துண்டு அடித்துவிட்டால் இதுவேதான் நடக்கும். அந்த அறிவுரையில் காரணம் இருக்கிறது. விபத்தின் முதல் நாட்களில் அயடீன் 131 புல்லிலும் திறந்த இலையிலும் படிந்து, மாட்டின் பாலுக்கு வந்து, பிள்ளைகளின் தைரொயிட் சுரப்பியில் சேரும். ஆனால் அதன் வீரியம் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். சீசியம் 137 பாதியாவதற்கு 30 வருடம். 'எவ்வளவு காலத்துக்கு' என்று சொல்லாத தடை, தயிர்ச்சட்டி விற்று வாழ்கிற குடும்பத்துக்கு ஆயுள்தண்டனை மாதிரி. எத்தனை நாள் என்று சொன்னால் அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, கதிரியக்கம் என்றாலே வெளியிலிருந்து வந்த விஷம் என்று நினைக்கிறோம். நம் கிழக்கிலேயே புல்மோட்டை மணலில் மொனசைட் இருக்கிறது, அதில் தோரியம். சும்மா இருக்கிற மண்ணும் கல்லும் கொஞ்சம் கொஞ்சம் கதிர்வீசும். ஆகவே கருவியில் ஒரு எண் வந்தால், நேற்று அதே இடத்தில் என்ன எண் இருந்தது என்று தெரியாமல் அதற்கு ஒரு பொருளும் இல்லை. சாச்சியின் "கூடவா, குறையவா?" என்ற கேள்வி அதுதான்.

சாச்சியின் அடுத்த கேள்வி, ஆர் வெச்ச என்பது, இன்னும் கஷ்டமானது. அதற்கு ஜப்பானியரே ஒரு பதில் கண்டுபிடித்தார்கள்: நாங்களே அளப்போம். 2011 நவம்பரில் இவாக்கி நகரத்துத் தாய்மார் சேர்ந்து தராச்சினே என்று ஓர் அளவிடும் கூடம் தொடங்கினார்கள். வீட்டுத்தோட்டத்துக் காய், பாடசாலை மணல், கடல்நீர் எல்லாம் கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். சேஃப்காஸ்ட் என்ற தொண்டர் குழு கருவியைக் காரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓடி, அளந்ததை எல்லோரும் பார்க்கத் திறந்து போட்டது. எங்களுக்கு அதிகம் பிடித்தது சுயேட்சுகி என்ற சின்னக் கிராமத்தின் கதை. உலையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ரியோக்கோ அந்தோ என்ற பெண், விஞ்ஞானியே இல்லை, அங்குள்ள சனத்தோடு இருந்து வேலை செய்தார். ஆளுக்கொரு சின்னக் கருவி, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று அது பதிந்து வைக்கும். பிறகு உட்கார்ந்து, இந்த மணித்தியாலத்தில் ஏன் ஏறியிருக்கிறது, அப்போது எங்கே நின்றேன் என்று ஒவ்வொருவரும் தன் நாளைத் தானே வாசித்தார்கள். எண் யாரோ சொன்ன எண்ணாக இல்லாமல், நேற்று பின்னேரம் நான் தோட்டத்தில் நின்ற எண்ணாக ஆனது. போவதா இருப்பதா என்று அவரவர் முடிவெடுத்தார்கள்.

இதற்கு எதிர்க்கேள்வியும் எங்களுக்குள் வந்தது. பாண்டிருப்புக்காரன் கேட்டான்: "அளக்கிறதையும் சனத்துட தலையில போட்டுட்டு அரசாங்கம் தப்பிக்கிறதுக்கு இது நல்ல வழிதானே?" அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. நஞ்சை விட்டவன் ஒருத்தன், கருவியைச் சுமக்கிறவள் ஒருத்தி. இதில் நாங்கள் நாலு பேரும் இன்னும் ஒத்துவரவில்லை.

கூடங்குளத்தின் சொந்தச் சனத்துக்கே தகவல் இலகுவில் கிடைக்கவில்லை. இடிந்தகரையில் மீனவர்கள் போராடிக்கொண்டிருந்த 2012 ஏப்ரலில், உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் சுப. உதயகுமாருக்குக் கொடுக்கும்படி இந்தியாவின் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அணுமின் கழகம் அதை எதிர்த்தது. 2019 அக்டோபரில், நிலையத்தின் கணினிக்குள் தீய மென்பொருள் புகுந்ததாகச் செய்தி வந்தபோது முதல் நாள் அப்படி எதுவுமில்லை என்று அறிக்கை. அடுத்த நாள் ஆமாம், நிர்வாகக் கணினி ஒன்றில் இருந்தது, உலையை இயக்கும் அமைப்புக்குத் தொடர்பில்லை என்று அறிக்கை. இரண்டாவது அறிக்கை உண்மையாக இருக்கலாம். முதலாவதை வாசித்தவர்கள் அதை எப்படி நம்புவது?

இலங்கைப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது. உலை தொடங்கப்போகிறது என்ற நேரத்தில், அப்போதைய மின்சக்தி அமைச்சர் பாட்டலி சம்பிக்க ரணவக்க இதைப் பகிரங்கமாகப் பேசினார். நெடுந்தீவு, தலைமன்னார், கற்பிட்டி மாதிரி இடங்களில் காமாக் கதிரை அளக்கும் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை அணுசக்தி சபையும் தனியாக ஓர் ஒழுங்குபடுத்தல் பேரவையும் வந்தன. 2015 பெப்ரவரி 16 இல் டில்லியில் கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையில் அணு, கதிரியக்க அனர்த்தங்களைத் தணிப்பதும் ஒரு விடயம். விபத்து நடந்தால் உடனே அறிவிக்கவேண்டும் என்று செர்னோபிலுக்குப் பிறகு வந்த சர்வதேச உடன்படிக்கையிலும் ரெண்டு நாடும் இருக்கின்றன. ஆனால் இவை எல்லாம் டில்லி கொழும்புக்குச் சொல்வதைப் பற்றியவை. கொழும்பிலிருந்து கல்முனைக்கு எந்த வழி, எந்த மொழி, யாருடைய வாயால் என்பதுதான் எங்கள் கேள்வி. ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து வந்த வெள்ள அறிவித்தல் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அதை வாசித்துத் தமிழில் சொல்ல ஒருவரைத் தேடிப் பிடித்தபோது வீட்டு வாசலில் தண்ணீர். அதோடு கல்முனை வடக்கு, தெற்கு என்ற பிரதேச செயலகச் சண்டை வேறு. அறிவித்தலை எந்தக் கந்தோர் ஒட்டுவது என்று ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு நாளை எங்களால் கற்பனை செய்ய முடிகிறது.

ஆகவே இரண்டு வேலை தொடங்கியிருக்கிறோம். ஒன்று, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். மூன்றே கேள்விகள்: கரையோரக் கருவிகளின் அன்றாட எண்களைப் பொதுமக்கள் தமிழில் எங்கே பார்க்கலாம், ஒரு நாள் எண் ஏறினால் அம்பாறைக் கரைக்கு முதல் தொலைபேசி யாருக்கு வரும், அவர் அதை எப்படிச் சனத்துக்குச் சொல்வார். சட்டப்படி 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். அனுப்பிய பதிவுத்தபால் துண்டைப் படமெடுத்து வைத்திருக்கிறோம்.

மற்றது ஒரு பக்கத் தாள். எங்கள் தமிழில். கச்சான், வாடை என்ற சொற்களோடு. கதவு ஜன்னலைச் சாத்து, உள்ளே இரு, வெளியிலிருந்து வந்தால் உடுப்பை மாற்றிக் குளி, கிணற்றை மூடு, மூடிவைத்த தண்ணீரைக் குடி, முருங்கையிலையை இப்போதைக்கு ஆயாதே, மாத்திரையைச் சொல்லும்வரை விழுங்காதே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன், எத்தனை நாள். முதல் பிரதியைப் போன கிழமை அஸருக்குப் பிறகு வாசிகசாலையில் 11 பேருக்கு வாசித்துக் காட்டினோம். சாச்சியும் வந்திருந்தார். அவர் திருத்தியது ஒரு வரி. 'அதிகாரிகள் அறிவிப்பார்கள்' என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில், "ஆரெண்டு பேரப் போடுங்க" என்றார். அந்த இடத்தை இப்போது வெறுமையாக விட்டிருக்கிறோம், விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததும் நிரப்ப.

மாமா கடைசி வரிசையில் இருந்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் வீட்டுல இருக்கிறவனுக்கு எழுதியிருக்கீங்க. நாங்க ஆழ்கடலுக்குப் போனா வாறத்துக்கு 20 நாளும் ஆகும். அங்க கதவுமில்ல, சாத்திறத்துக்கு ஜன்னலுமில்ல. எங்களுக்கு ஆரு சொல்லுவா?"

போட்டில் வானொலி செட் இருக்குத்தானே என்று கேட்டோம்.

"இரிக்கி" என்றார். "அதுல சிங்களத்துலதான் பேசுவாங்க."

தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. நாலாவது கேள்வியை அதில் எழுதிக்கொண்டோம். அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு சாய்ந்தமருது கடற்கரையில் போட்டுக்காரர்களைச் சந்திக்கப்போகிறோம். மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார், காற்று விட்டால்.